சும்மாக்காரர் வாய் திறந்து கேட்டது

நாலும் எட்டும் பன்னிரண்டு. கணவர் படித்தது நாலாம் வகுப்பு வரை. மனைவி எட்டாம் வகுப்பு வரை. “ரெண்டு பேரையும் ஒட்டவச்சா ஒரு முழுப் பள்ளிக்கூடப் படிப்பு வந்துடும். அதுல பெரிய துண்டு என்னோடது” என்பார் மனைவி. கணவர் மறுத்துப் பேச மாட்டார். மறுத்தால் பிள்ளையின் பாடப் புத்தகத்தை நீட்டி ஒரு பக்கம் வாசிக்கச் சொல்வார் என்ற பயம்.

கணவருக்கு நாற்பத்தெட்டு வயது. வீடு வீடாகப் போய்ப் பழைய மரச்சாமான்களை வாங்கிவந்து, செப்பனிட்டு விற்பது தொழில். வாங்குவது அவர், உப்புத்தாள் போட்டுத் தேய்த்துப் பளபளப்பு ஏற்றுவது மனைவி. கடைத்தெருவின் கோடியில் முன்பக்கம் கடை, பின்பக்கம் வீடு. நடுவில் சுவர் கிடையாது. வரிசையாக நிறுத்திவைத்த அலமாரிகள்தான் சுவர். ஓர் அலமாரி விற்றுப்போனால் வீட்டுக்குப் புதிதாக ஒரு ஜன்னல் திறந்த மாதிரி. அடுத்த அலமாரி வந்து சேரும்வரை, தெருவில் போகிறவர்கள் அந்த வீட்டில் இன்றைக்கு என்ன குழம்பு என்று பார்த்துக்கொண்டே போகலாம்.

ஒரே மகள். அவள் படிக்கிற மேசையும் விற்பனைக்குத்தான். யாராவது வந்து மேசையைத் தட்டிப் பார்த்தால், அவள் புத்தகங்களை அள்ளிக்கொண்டு, இழுப்பறையில் இருக்கும் பென்சில்களையும் மறக்காமல் எடுத்துக்கொண்டு, பக்கத்து மேசைக்குக் குடிபெயர்வாள். கணக்கின் பாதியில் மேசை போன நாட்களும் உண்டு. பத்தாம் வகுப்பில் ஒரு மாதம் மேசையே வரத்து இல்லை. கண்ணாடி வைத்த அலங்கார மேசை ஒன்றுதான் இருந்தது. அதன் முன்னால் உட்கார்ந்து, தன் முகத்தைத் தானே பார்த்துக்கொண்டு வடிவியல் படித்தாள். “எப்ப நிமிர்ந்தாலும் ஒருத்தி முறைச்சுப் பாத்துக்கிட்டே இருக்காப்பா, அதனால தூக்கமே வரலை” என்றாள். அந்தத் தேர்வில் அவளுக்கு நல்ல மதிப்பெண்.

தெருவில் அவருக்குப் பெயர் ‘சும்மாக்காரர்’. எந்தப் பொருளைக் கையில் எடுத்தாலும், “சும்மாதான் பாத்தேன்” என்று சொல்லி வைத்துவிடுவார். அப்படி அவர் வைத்த பொருள் மறுநாள் அவர் கடையில் இருக்கும்.

அதுதான் அவருடைய தொழில் ரகசியம், தெருவுக்கே தெரிந்த ரகசியம். ஒரு வீட்டுக்குள் நுழைந்ததும், எது வேண்டுமோ அதை மட்டும் பார்க்கக் கூடாது. நாற்காலியைப் புகழ வேண்டும். கட்டிலைத் தட்ட வேண்டும். அலமாரியைத் திறந்து மூடி, “கதவு கொஞ்சம் இழுக்குது” என்று பெருமூச்சு விட வேண்டும். மனசு குறிவைத்த எழுதுமேசை மூலையில் தூசியோடு நிற்கும். அதன் பக்கம் திரும்பவே கூடாது. கடைசியில் எதுவும் கட்டுப்படியாகவில்லை என்று எழுந்து வாசலுக்கு நடக்க வேண்டும். செருப்பை மெதுவாக மாட்ட வேண்டும். பின்னாலிருந்து, “ஒரு நிமிஷம்…” என்று குரல் வரும். வந்தே தீரும். அப்போது, “சரி, நீங்க இவ்வளவு சொல்றீங்க… அந்த மூலையில என்னமோ வழியை அடைச்சுக்கிட்டு நிக்குதே, அதையும் சேத்து எடுத்துட்டுப் போயிடவா?” என்று கேட்க வேண்டும். ஆசையைக் காட்டினால் விலை ஏறும். முதல் விலை விலையே இல்லை. இந்த இரண்டையும் வைத்து முப்பது வருஷம் ஓட்டியவர் அவர்.

தொழிலில் ஓடியது குடும்பத்தில் தடுக்கிய கதையும் உண்டு. கல்யாணத்துக்கு முன்னால், ஒரு கட்டில் வாங்கப் போன வீட்டில்தான் மனைவியை முதலில் பார்த்தார். பார்த்ததும் மனசில் முடிவு செய்துவிட்டார். ஆனால் வாயைத் திறக்க வேண்டுமே! திரும்பத் திரும்பப் போனார். கட்டிலைப் பற்றிப் பேசினார், மழையைப் பற்றிப் பேசினார், மாமனாரின் முழங்கால் வலியைப் பற்றிப் பேசினார். பெண்ணின் பக்கம் திரும்பவே இல்லை. இதற்குள் வேறு ஒரு மாப்பிள்ளை வீட்டார் வந்து போக, அந்தப் பெண்ணே வாசலுக்கு வந்து அவரை நிறுத்தினார். “கட்டிலுக்காக வர்றீங்களா, எனக்காக வர்றீங்களா? கட்டிலுக்குன்னா இன்னைக்கே தூக்கிட்டுப் போங்க, இடத்தை அடைக்குது.” அன்றைக்கு அவர் தலையை மட்டும் ஆட்டினார். எதற்கு ஆட்டினார் என்பதை அந்தப் பெண்ணே புரிந்துகொண்டதால் கல்யாணம் நடந்தது.

மகள் விஷயத்துக்கு வருவோம்.

அவளுக்குக் கணக்கு பிடித்துப்போனது மேசைகளால்தான். நாலு கால் மேசை ஏன் ஆடுகிறது, மூன்று கால் முக்காலி எந்தத் தரையிலும் ஏன் ஆடுவதே இல்லை என்று சின்ன வயதில் அப்பாவிடம் கேட்டாள். “ஆடுற காலுக்கு அட்டையை மடிச்சு வை” என்றார் அப்பா. அவருக்குத் தெரிந்த பதில் அதுதான், அதுவும் தப்பில்லை. ஒன்பதாம் வகுப்பில் கணக்கு டீச்சர் காரணத்தைச் சொன்னபோது, ஓடிவந்து கடையில் இருந்த எல்லா முக்காலிகளையும் வாசல்படியில் சாய்த்து நிறுத்தி வைத்து அப்பாவுக்கு நிரூபித்தாள். அதற்குப் பிறகு அவளுக்கு வேறு எந்தப் பாடமும் ருசிக்கவில்லை.

பத்தாம் வகுப்பு முடிந்து மதிப்பெண்ணும் வந்தது. அடுத்த இரண்டு வருஷம் எந்தப் பிரிவு என்று முடிவாக வேண்டிய நேரம். கணக்குப் பிரிவில் போனால்தான் கட்டடம், பாலம், இயந்திரம் என்று பின்னால் எதையாவது படிக்க முடியும். வேறு பிரிவில் போனால் அந்தக் கதவு அதோடு சாத்தினதுதான். ஒரு மாலை, அலமாரிச் சுவருக்கு இந்தப் பக்கம் மூன்று பேரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது மகள் சொன்னாள்.

“நாளைக்கு எங்களை வரச் சொல்லியிருக்காங்க. கிளாஸ் டீச்சர் ஒவ்வொருத்தரையா எழுப்பி, யாருக்கு எந்தப் பிரிவு வேணும்னு கேக்கப் போறாங்கப்பா. நான் கணக்குன்னு சொல்லிடறேன்.”

அப்பா சோற்றில் கைவைத்தபடி நிமிர்ந்தார். “சொல்லிடாதே! எடுத்த எடுப்புல என்ன வேணும்னு காட்டலாமா? எது குடுத்தாலும் சரின்னு சொல்லு. உன் மார்க்குதான் அவங்களுக்குத் தெரியுமே. அவங்களே வந்து, ‘ஏம்மா, கணக்கு எடுத்துக்கோயேன்’னு கேப்பாங்க. அப்ப சரின்னு சொல்லு. அதுதான் மரியாதை.”

மகள் அம்மாவைப் பார்த்தாள். அம்மாவுக்கு எட்டாம் வகுப்போடு அனுபவம் முடிந்துவிட்டது. அங்கே யாரும் யாரையும் எதுவும் கேட்டதில்லை. “அப்பா சொல்றது சரியாத்தான் இருக்கும்” என்றார், அவ்வளவு நம்பிக்கையில்லாமல்.

மறுநாள் வகுப்பில் அவள் எழுந்து நின்று, “எது குடுத்தாலும் சரி டீச்சர்” என்றாள். “சமத்து” என்று சொல்லிவிட்டு டீச்சர் அடுத்த பிள்ளையிடம் போய்விட்டார்.

புதன்கிழமை பள்ளி அறிவிப்புப் பலகையில் பட்டியல் ஒட்டினார்கள். சும்மாக்காரர் மகளுக்கு வணிகப் பிரிவு.

அவள் வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொல்லிவிட்டு, ஒரு பழைய எழுதுமேசையில் போய் உட்கார்ந்தாள். அழவில்லை. இழுப்பறையைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தாள். அந்தச் சத்தம் அப்பாவின் காதில் விழுந்துகொண்டே இருந்தது. ஆனாலும் போய்க் கேட்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. “பலகையிலேயே ஒட்டிட்டாங்க, இனிமே என்ன பண்றது?” என்றார். “அத்தனை படிச்சவங்க உக்காந்து போட்டிருக்காங்க. நம்மளை விட அவங்களுக்குத் தெரியாதா?” சந்தையில் எவன் சொன்ன முதல் விலையையும் நம்பாத மனுஷர், பலகையில் ஒட்டிய தாளை மட்டும் விதியின் எழுத்தாக எடுத்துக்கொண்டார்.

வியாழக்கிழமை ஒரு பல் மருத்துவர் வீட்டிலிருந்து அழைப்பு. சோபா ஒன்றை விற்க வேண்டுமாம். வாடிக்கையாக வரும் வண்டிக்காரரைக் கூட்டிக்கொண்டு போனார். வழக்கம்போல் சோபாவைத் தவிர எல்லாவற்றையும் பார்த்தார். ஊஞ்சல் நாற்காலியைப் புகழ்ந்தார். பிறகு வேண்டா வெறுப்பாக சோபாவின் அடியில் தலையைவிட்டுச் சட்டத்தைத் தட்டிக்கொண்டிருந்தபோது, பல் மருத்துவர் யாருடனோ போனில் பேசியபடி அறைக்குள் நடந்தார்.

“ஆமா, பையனுக்கு வணிகம்னு போட்டுட்டாங்க… அதனால என்ன? நாளைக்குப் போய்ப் பேசி மாத்திட்டு வந்துடறேன்… கணக்குல எழுபத்தொண்ணு. ஒண்ணும் மோசமில்லையே.”

சும்மாக்காரர் மகளுக்குத் தொண்ணூற்றிரண்டு. சட்டென்று நிமிர்ந்தவர் சோபாச் சட்டத்தில் நங்கென்று இடித்துக்கொண்டார்.

“சார், உங்க பையன் எந்தப் பள்ளிக்கூடம்?”

அதே பள்ளிக்கூடம்தான்.

“பலகையில போட்ட பிறகும் மாத்துவாங்களா சார்?”

“அது முதல் லிஸ்ட்தானேங்க. தலைமையாசிரியரைப் போய்ப் பாக்கணும். நாளைக்கு மதியம் பன்னிரண்டு வரைக்கும் நேரம் இருக்கு.”

“இதை யாரு சார் உங்ககிட்ட சொன்னாங்க?”

பல் மருத்துவர் கொஞ்சம் யோசித்தார். யோசித்தும் யாரும் நினைவுக்கு வரவில்லை. “யாரும் சொல்லலையே. எப்பவும் அப்படித்தானே இருக்கும்? நான் படிக்கும்போது எங்க அப்பாவும் இப்படித்தான் போய்ப் பேசினார்.” பிறகு சோபாவைக் காட்டி ஒரு தொகை சொன்னார்.

“சரிங்க சார்” என்றார் சும்மாக்காரர்.

வாசலில் நின்ற வண்டிக்காரர் கையிலிருந்த கயிறு கீழே விழுந்தது. வண்டி தெருமுனை திரும்பும்வரை அவர் பொறுத்துப் பார்த்தார். அதற்கு மேல் முடியவில்லை.

“அண்ணே, உடம்புக்கு ஏதாவது பண்ணுதா?”

“ஒண்ணுமில்லை. வேகமா ஓட்டு.”

“சொன்ன விலைக்கு ‘சரி’ன்னுட்டீங்களே! தலையில அடி பலமோ? ஆஸ்பத்திரிக்கு விடவா?”

“வீட்டுக்கு விடுய்யா!”

முதல் லிஸ்ட் என்றால் முதல் விலை. அது விலையே இல்லை. இது மட்டும் முன்னாலேயே தெரிந்திருந்தால்! வீட்டுக்குள் நுழைந்ததும் மனைவியிடம் மூச்சுவிடாமல் சொன்னார். மகள் இழுப்பறையை மூடிவிட்டு எழுந்து வந்தாள்.

“நாளைக்கு நான் பேசறேன்” என்றார் மனைவி. “பள்ளிக்கூடம்னா எனக்கு உங்களை விட ரெண்டு மடங்கு பழக்கம்.”

“நீ பொசுக்குன்னு விஷயத்தைப் போட்டு உடைச்சுடுவ. இது பேரம். பேரம் என் வேலை.”

“அப்பா, இது பேரம் மாதிரி தெரியலையேப்பா…”

“எல்லாமே பேரம்தாம்மா. நீ வேடிக்கை மட்டும் பாரு.”

வெள்ளிக்கிழமை காலை மூவரும் கிளம்பினார்கள். கடைக்குப் பூட்டு. பள்ளியின் நீண்ட நடையில் பெற்றோர்கள் வரிசையாக நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். மடக்கு நாற்காலிகள், துருப்பிடித்த கீல்கள். அவர் கண் தானாக மேய்ந்தது. மகளை வெளியே உட்காரவைத்துவிட்டு, முறை வந்ததும் கணவனும் மனைவியும் உள்ளே போனார்கள்.

தலைமையாசிரியர் ஐம்பதைத் தாண்டிய பெண்மணி. காலையிலிருந்து பேசிப் பேசித் தொண்டை கட்டியிருந்தது. அவர் முன்னால் இருந்த மேசையைப் பார்த்ததும் சும்மாக்காரருக்கு ஒரு கணம் வந்த வேலையே மறந்துபோயிற்று. ஒரே பலகையில் இழைத்த மேல்பரப்பு, பித்தளைக் கைப்பிடிகள், ஒரு காலுக்கு மட்டும் அடியில் மடித்த காகிதம். பார்வையைச் சட்டென்று ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். பழக்கம்.

“சொல்லுங்க” என்றார் தலைமையாசிரியர்.

“என் பொண்ணுக்கு வணிகப் பிரிவு போட்டிருக்கீங்க மேடம். ரொம்ப நல்ல பிரிவு.”

“ஆமா…?”

“நாங்களும் கடை வச்சிருக்கிறவங்க. பொருத்தமாத்தான் இருக்கு. குறை சொல்ல முடியாது.”

மனைவி அவர் முழங்கையில் கிள்ளினார். அவர் கண்டுகொள்ளவில்லை. இப்போது குறிவைத்த பொருளை மட்டமாகப் பேச வேண்டிய கட்டம்.

“இந்தக் கணக்குப் பிரிவுன்னு ஒண்ணு இருக்காமே. ரொம்பக் கஷ்டம்னு சொல்றாங்க. பாதிப் பிள்ளைங்க அழுவுதாம்.”

“கஷ்டம்தான்.”

“அதானே பாத்தேன். அதுல யாரு போய்ச் சேருவாங்க? எடமெல்லாம் தூசி அடைஞ்சு கிடக்கும்.”

“கிடக்கவா? மிச்சம் மூணு நாலு எடம்தான் இருக்கு. காலையிலேருந்து இத்தனை பேரும் அதுக்குத்தான் வந்து என் உயிரை வாங்கறாங்க!” தலைமையாசிரியர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, உண்மையான நன்றியோடு அவரைப் பார்த்தார். “இன்னைக்கு வந்ததுல கிடைச்சது போதும்னு சொன்ன ஒரே ஆள் நீங்கதான். உங்களை மாதிரி நாலு பேர் இருந்தா எனக்குத் தலைவலி மாத்திரையே வேண்டாம்.” பக்கத்து மேசை எழுத்தரிடம் திரும்பினார். “இவங்க பொண்ணுக்கு வணிகமே இருக்கட்டும். அப்பா அம்மா நேர்லயே வந்து சரின்னுட்டாங்க.”

பதறாதே என்று சும்மாக்காரர் தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். இன்னும் கடைசி ஆயுதம் இருக்கிறது. “அப்ப நாங்க வர்றோம்” என்று எழுந்தார். மெதுவாக நடந்தார். கதவருகில் நின்று, எதையோ மறந்தவர் போலச் சட்டைப்பையைத் தடவினார். இப்போது கூப்பிடுவார்கள்.

“அடுத்தவங்க வரலாம்” என்றது பின்னால் இருந்த குரல்.

வெளியே வந்ததும் மகள் எழுந்து ஓடிவந்தாள். “என்னப்பா ஆச்சு?”

“கூப்பிடுவாங்க” என்றார் அப்பா. கதவையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“யாரு கூப்பிடுவாங்க?” மனைவிக்கு அடக்கி வைத்திருந்தது பொங்கியது. நடையில் இருந்தவர்கள் காதில் விழக் கூடாதே என்று பல்லைக் கடித்துக்கொண்டு பேசினார். “பாதி உசிரோட இருந்ததை இவரே போய்ப் பாலூத்திட்டு வந்திருக்காரு! வணிகம் நல்ல பிரிவாம், பொருத்தமா இருக்காம்! கட்டில் பாக்க வந்த புத்தி இன்னும் போகலை!”

அப்பா குனிந்து செருப்பைச் சரிசெய்தார். கதவு திறந்தது. அவர் நிமிர்ந்தார். வந்தது பல் மருத்துவர், மகனோடு, சிரித்த முகமாக. உள்ளே போன சுவடு தெரியாமல் வேலையை முடித்துவிட்டார். சும்மாக்காரரை அடையாளம் கண்டு, “உங்களுக்கு முடிஞ்சுதா?” என்று கேட்டார். பதிலுக்கு நிற்காமல் கிளம்பிவிட்டார்.

மகள் அப்பாவின் பக்கத்தில் வந்து நின்றாள். அவளுக்குக் கோபம் இருந்தது. ஆனால் அப்பாவின் முகத்தைப் பார்த்ததும் குரல் தணிந்தே வந்தது.

“அப்பா, நான் கிளாஸ்ல ‘எது குடுத்தாலும் சரி’ன்னு சொன்னேன். யாரும் வந்து கேக்கலை. நீங்க உள்ள போயும் அதையேதான் சொல்லிட்டு வந்திருக்கீங்க. ‘கணக்கு வேணும்’னு நம்ம ரெண்டு பேர்ல ஒருத்தராவது சொன்னோமாப்பா?”

வேணும். அந்தச் சொல்லைத் தான் கடைசியாக எப்போது சொன்னோம் என்று அவர் தேடிப் பார்த்தார். தண்ணீர் வேண்டும், ஆணி வேண்டும் என்று தினமும் சொல்வதுதான். மனசுக்குள் உண்மையாக ஆசைப்பட்ட எதற்கும் அந்தச் சொல்லைச் செலவழித்ததாக நினைவில்லை.

நினைவுக்கு வந்தது வேறு ஒன்று. அவருடைய அப்பா மழைக்குக்கூடப் பள்ளிக்கூடத்துப் பக்கம் ஒதுங்காதவர், மூட்டை தூக்குகிறவர். நாலாம் வகுப்பு முடிந்ததும், ஒரு பழைய சாமான் கடையில் பையனைச் சேர்த்துவிட ஏற்பாடாயிற்று. விஷயம் தெரிந்து வாத்தியார் வீடு தேடி வந்தார். அப்பாவிடம் என்னென்னவோ சொல்லிப் பார்த்துவிட்டு, கடைசியில் குனிந்து பையனிடமே கேட்டார்: “உனக்குப் படிக்கணும்னு ஆசை இருக்கா?” பையன் அப்பாவின் முகத்தைப் பார்த்தான். “சும்மாதான் போய்க்கிட்டு இருந்தேன் சார்” என்றான். வாத்தியார் நிமிர்ந்து, செருப்பை மாட்டிக்கொண்டு போனார். அவர் திரும்பிக் கூப்பிடுவார் என்று பையன் தெருமுனைவரை பார்த்துக்கொண்டே நின்றான்.

சும்மாக்காரர் நடையில் மாட்டியிருந்த கடிகாரத்தைப் பார்த்தார். பன்னிரண்டுக்கு இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது. மகளின் கையைப் பிடித்தார். “வா.”

கதவருகே ஸ்டூலில் இருந்த பணியாளர் கையை நீட்டி மறித்தார். “உங்களுது முடிஞ்சுதே பெரியவரே. வரிசையில இவ்வளவு பேர் இருக்காங்க பாருங்க.”

“முடியலை. ஆரம்பிக்கவே இல்லை” என்று சொல்லிக் கதவைத் தள்ளிவிட்டார். ‘பெரியவரே’ என்றதற்கு வேறு நாளாக இருந்தால் சண்டைக்குப் போயிருப்பார்.

உள்ளே வேறு ஒரு குடும்பம் எழுந்துகொண்டிருந்தது. தலைமையாசிரியர் நிமிர்ந்து பார்த்தார். அவருடைய ஒரே நல்ல பெற்றோர் திரும்ப வந்து நிற்கிறார்!

“மேடம், என் பொண்ணுக்குக் கணக்குப் பிரிவு வேணும்.”

ஒரே மூச்சில் சொல்லிவிட்டார். குரல் கொஞ்சம் உரத்துவிட்டது. எழுத்தர்கூடத் திரும்பிப் பார்த்தார்.

“இப்பதானே வணிகம் பொருத்தம்னு சொன்னீங்க?”

“அது சும்மா சொன்னதுங்க.”

“சும்மாவா!”

“பழைய சாமான் வாங்குறவன் மேடம். வேணும்கிறதை மறைச்சு மறைச்சே பழகிப் போச்சு. கணக்கு வேண்டாம்னு பேசினா நீங்களே எடுத்துக்கோன்னு சொல்லுவீங்கன்னு நினைச்சேன். டீச்சர் கேட்டப்ப ‘எது குடுத்தாலும் சரி’ன்னு சொல்லச் சொன்னதும் நான்தான். அவ மேல தப்பில்லை.”

தலைமையாசிரியர் அவரை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு சிரிப்பு வந்துவிட்டது. கட்டின தொண்டையோடு சிரித்ததில் இருமலும் சேர்ந்து வந்தது. தண்ணீர் குடித்துவிட்டு, எழுத்தரிடம் மகளின் மதிப்பெண்ணைக் கேட்டார். கேட்டதும் சிரிப்பு போய்விட்டது.

“தொண்ணூத்திரண்டா? இவளை எப்படி வணிகத்துல போட்டோம்?”

“எதுனாலும் சரின்னு சொன்ன பிள்ளைங்களை எல்லாம் எடம் காலியா இருந்த பிரிவுல போட்டோம் மேடம்” என்றார் எழுத்தர். “அது ஒரு பதினஞ்சு பேர் இருக்கும்.”

தலைமையாசிரியர் பேனாவைக் கீழே வைத்தார். “அந்தப் பதினஞ்சு பேரையும் சாயங்காலத்துக்குள்ள கூப்பிட்டு மறுபடி கேக்கணும்” என்று எழுத்தரிடம் தாழ்ந்த குரலில் சொன்னார். பிறகு மகளிடம் திரும்பினார். “நீ சொல்லும்மா. எந்தப் பிரிவு?”

“எது…” என்று ஆரம்பித்துவிட்டாள். அப்பா வேண்டாம் என்பதுபோல் அவசரமாகத் தலையை ஆட்டினார்.

“கணக்கு வேணும் மேடம்.”

“ஏன்?”

அவ்வளவுதான், குழாய் திறந்த மாதிரி ஆகிவிட்டது. நாலு கால் ஏன் ஆடும், மூன்று கால் ஏன் ஆடாது, மூன்று புள்ளி இருந்தால் ஒரு தளம் எப்படித் தானாக அமைந்துவிடும், இந்த மேசைக்கு அடியில் இருக்கும் காகிதம் எந்தப் பக்கம் மடிந்திருக்க வேண்டும் என்று கையை ஆட்டி ஆட்டிப் பேசினாள். “போதும்மா, போதும்! மிச்சத்தை கிளாஸ்ல போய்ச் சொல்லு” என்று தலைமையாசிரியர் நிறுத்தவேண்டியதாயிற்று. எழுத்தர் வணிகத்தை அடித்துவிட்டுக் கணக்கு என்று எழுதினார்.

மனைவி கதவருகிலேயே நின்றிருந்தார். எப்போது உள்ளே வந்தார் என்று யாருக்கும் தெரியாது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். புழுக்கம் என்று சொல்லிக்கொண்டார். மின்விசிறி நன்றாகத்தான் சுற்றிக்கொண்டிருந்தது.

“வேற ஏதாவது இருக்கா?” என்றார் தலைமையாசிரியர்.

கிளம்பத் திரும்பிய சும்மாக்காரர் நின்றார். வாய்ப்பூட்டுத் திறந்த நாள். சாவி இன்னும் கையில் இருந்தது.

“இந்த மேசையை எப்பவாவது விக்கிறதா இருந்தா, எனக்கு வேணும் மேடம்.”

“என்னங்க!” மனைவி சட்டையைப் பிடித்து இழுத்தார்.

“பள்ளிக்கூடத்துச் சொத்துங்க அது” என்றார் தலைமையாசிரியர், மறுபடி வந்த சிரிப்பை அடக்கிக்கொண்டு. “ஆனா கேட்டதுல தப்பில்லை.”

வாசலுக்கு எதிரே ஒரு தேநீர்க்கடை. மூவரும் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். இரண்டு நாளாக வயிற்றுக்குள் சுருட்டி வைத்திருந்த எதுவோ அவிழ்ந்ததில், அப்பாவுக்குத் திடீரென்று பசித்தது. பன் கேட்டார். ஒன்று தின்றுவிட்டு இன்னொன்று கேட்டார்.

“ஒரே நாள்ல எத்தனை தடவை வேணும்னு சொல்லுவீங்க?” என்றார் மனைவி. “இப்ப வாய் திறந்த மாதிரி அன்னைக்கே திறந்திருந்தா, எங்க அப்பா அந்தக் கட்டிலைச் சீதனமாவே குடுத்திருப்பாரு.”

“கட்டில் யாருக்கு வேணும்? அதோட கால் ஒண்ணு பூச்சி அரிச்சது.”

“அப்ப எதுக்கு அத்தனை தடவை வந்தீங்களாம்?”

மகளுக்குக் குடித்துக்கொண்டிருந்த தேநீர் புரையேறியது. அப்பா அவள் தலையைத் தட்டிக்கொடுத்தார். மனைவி விடுவதாக இல்லை. பதிலுக்காக அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். சும்மாக்காரர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, அவருக்கு மட்டும் கேட்கும்படி ஏதோ சொன்னார். கல்யாணத்துக்கு முன்பே சொல்லியிருக்க வேண்டியதாக இருக்கலாம். மனைவி, “போதும், டீ ஆறுது” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

கணக்குப் பிரிவுக்குத் திங்கட்கிழமை காலை எட்டரை மணிக்கு வகுப்பு தொடங்குகிறது. அதற்குள் மகளுக்கு வேறு மேசை பார்க்க வேண்டும். இப்போது இருப்பதை ஞாயிற்றுக்கிழமை வந்து எடுத்துக்கொள்வதாக ஒருவர் சொல்லிவைத்திருக்கிறார்.